வீட்டுத் தொழிலுக்கு மூன்று யோசனை வைத்திருக்கிறேன், எது நிஜத்தில் ஓடும்?

நூல்கண்டு | திங்கள், இரவு 10.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. சின்னவள் மதியம் தூங்கும் நேரம், இரவு எல்லாரும் படுத்த பிறகு கிடைக்கும் நேரம், இரண்டையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் என் கையில் இருக்கும். அதற்குள் வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்று மூன்று யோசனை வைத்திருக்கிறேன்.

ஒன்று, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வாங்கி, துண்டு, பை, குழந்தை உடுப்பு எல்லாவற்றிலும் பெயர் போட்டுப் பரிசுப் பொருளாக விற்பது. இரண்டு, ஆடியோ கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது. மூன்றாவது ஒரு விளம்பரத்தில் பார்த்தது: முன்பணம் கட்டினால் மெஷின் தருகிறார்கள், மூலப்பொருளும் அவர்களே தருகிறார்கள், செய்து முடித்ததை எல்லாம் அவர்களே திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். விற்கிற தலைவலியே கிடையாது என்கிறார்கள்.

தெரிந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். மூன்றுக்குமே "சூப்பர், உடனே ஆரம்பி" என்றுதான் பதில். அதுதான் பயமாக இருக்கிறது. நடக்குமா நடக்காதா என்பதை நீங்கள் எல்லாம் எப்படிப் பார்ப்பீர்கள்?

சூடுகண்டபூனை | திங்கள், இரவு 11.15

மூன்றாவதை இன்றைக்கே அடித்துவிடுங்கள். காரணம் நாளை எழுதுகிறேன். இப்போது எழுதினால் தூக்கம் வராது.

முயன்றுபார் | செவ்வாய், காலை 6.50

சகோதரி, யோசித்துக்கொண்டே இருந்தால் யோசனைதான் மிஞ்சும். ஹெச்பி கம்ப்யூட்டர், பிரிண்டர் என்று நமக்குத் தெரிந்த ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் 1939இல் ஒரு கார் ஷெட்டில்தான் ஆரம்பித்தது. அவர்கள் இப்படி நாலு பேரைக் கேட்டுக்கொண்டிருந்தார்களா? மெஷினை வாங்குங்கள், வழி தானாகப் பிறக்கும்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9.20

கார் ஷெட்டில் ஆரம்பித்துக் கார் ஷெட்டிலேயே முடிந்துபோனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை நண்பரே. பிழைத்தவன் கதைதான் நம் காதுக்கு வந்து சேரும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை பல வருடமாகத் தொகுக்கும் கணக்கில், புதிதாகத் திறக்கும் தொழிலிடங்களில் ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடுகிறது, ஐந்து வருடம் தாண்டுவது ஏறக்குறையப் பாதிதான். மூடியது எல்லாம் தோல்வி என்று சொல்ல மாட்டேன். லாபத்தோடு மூடியவர்களும் உண்டு, வேறு நல்ல வேலை கிடைத்துப் போனவர்களும் உண்டு. ஆனால் "வழி தானாகப் பிறக்கும்" என்பதற்கு அது சாட்சி சொல்லவில்லை.

நூல்கண்டு, உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. உங்களை முன்பின் தெரியாத ஒருவர் இதுவரை காசு கொடுத்திருக்கிறாரா? "நல்லா இருக்கு" என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. அத்தையும் சித்தியும் வாங்குவது உங்கள் மேல் இருக்கிற பாசத்துக்கு. அதைச் சந்தை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த இழையில் நாம் எல்லாரும் வேறு வேறு நாட்டில் இருப்பதால் காசை "புள்ளி" என்று வைத்துக்கொள்வோம். வெளியில் போய் உங்களால் செய்ய முடிகிற சாதாரண வேலைக்கு மணிக்கு 50 புள்ளி கிடைக்கும் என்று வையுங்கள். வீட்டுத் தொழில் எதுவானாலும் அந்த 50ஐத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடாவிட்டால் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை, வீட்டில் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தட்டச்சுப்பறவை | செவ்வாய், மதியம் 1.05

இரண்டாவது யோசனைக்கு நான் பேசலாம், ஆறு வருடம் செய்தவன். இதில் கூலி பெரும்பாலும் ஆடியோ மணிக்கணக்கில் சொல்லுவார்கள். புதிதாக வருபவர்கள் அதைத் தங்கள் மணிக்கணக்கு என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு மணி நேர ஆடியோவை எழுத்தாக்க, கை பழகியவருக்கே நான்கு மணி நேரம் போகும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டம், பின்னால் மின்விசிறிச் சத்தம் என்றால் ஆறு, ஏழு. என் முதல் வேலை ஒரு கலந்துரையாடல், 52 நிமிடம். ஒன்பது மணி நேரம் ஆனது. ஒருவர் மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டே பேசினார், இப்போதும் யாராவது பேனாவைத் தட்டினால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அதோடு வேலையே மாறிவிட்டது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. அதன் பிறகு எனக்கு வருவதெல்லாம் இயந்திரம் எழுதியதைத் திருத்தும் வேலைதான். கூலி குறைந்தது, நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இயந்திரம் தப்பைக்கூடச் சரளமாக எழுதும். தப்பு கண்ணில் படாது, காதால் முழுசாகக் கேட்டால்தான் பிடிக்க முடியும். இப்போதைக்கு ஆடியோ மணிக்கு உங்கள் கணக்கில் ஒரு 160 புள்ளி என்றால், ஐந்து மணி நேரம் ஆகிறது. மணிக்கு 32.

மருத்துவம், நீதிமன்றம் மாதிரி சொல் தவறக் கூடாத இடங்களில் தெரிந்த ஆளுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அந்தத் துறை அறிவு உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், பேசலாம். டைப் அடிக்கத் தெரியும் என்பது மட்டும் தகுதி என்றால், வேண்டாம்.

நூல்கண்டு | செவ்வாய், இரவு 10.30

அந்தத் துறை அறிவெல்லாம் கிடையாது. சரி, இரண்டாவது போனது. தெரியாத ஆள் காசு கொடுத்தாரா என்ற கேள்விக்கு பதில்: இல்லை. ஒருவர்கூட இல்லை.

சூடுகண்டபூனை | புதன், இரவு 9.45

சொன்னபடி எழுதுகிறேன். பெயர் கேட்காதீர்கள்.

மெஷினுக்கு என்று முன்பணம் கட்டினேன். வந்த மெஷினைப் பிறகு விசாரித்தால், கட்டிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெறாது. முதல் லாட்டை வாங்கிக்கொண்டு மறுநாளே காசு கொடுத்தார்கள். அந்தக் காசைக் காட்டித்தான் என் நாத்தனாரையும் சேர்த்துவிட்டேன். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். இரண்டாவது லாட்டில் நூறில் அறுபது "தரம் போதாது" என்று திரும்பி வந்தது. மூன்றாவதில் எல்லாமே திரும்பி வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தால், "தரச் சோதனைக்கு உட்பட்டு" வாங்குவோம் என்று ஒரு வரி. சோதிப்பது யார்? அவர்கள். தரம் என்றால் என்ன அளவு, என்ன எடை, எத்தனை தையல் என்று எங்கேயும் எழுதவில்லை.

அவர்கள் பிழைப்பு நாங்கள் செய்து கொடுத்த பொருளில் இல்லை, எங்களுக்கு மெஷின் விற்றதில் இருந்தது. நான்தான் அவர்களுடைய வாடிக்கையாளர். அது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. நாத்தனார் இன்றைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 10.20

எழுதியதற்கு நன்றி பூனை. இது புதிய வித்தையும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து கடித உறையில் தாள் போட்டால் காசு என்று விளம்பரம் வரும். பணம் கட்டினால் வருவது ஒரு குறிப்பு: "இதே விளம்பரத்தை நீங்களும் போடுங்கள், பணம் கட்டுகிறவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள்." உறையும் கிடையாது, தாளும் கிடையாது.

ஆள் சேர்க்கும் திட்டங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். அமெரிக்காவில் வணிக மோசடிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் அலுவலர்கள், இப்படி ஆள்மேல் ஆள் சேர்த்து விற்கும் 70 எம்எல்எம் நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளைப் படித்து 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை போட்டார்கள். பெரும்பாலான உறுப்பினர்களுக்குக் கிடைத்தது வருடத்துக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே. அதுவும் அவர்கள் கைச்செலவைக் கழிக்காமல். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு என்று போனால், பதின்மூன்றாவது படியில் 1,306 கோடி ஆள் வேண்டும். உலகத்திலேயே இருப்பது 800 கோடியும் கொஞ்சமும்தான்.

வேலை கொடுப்பவர் நமக்குக் காசு கொடுக்க வேண்டும். நாம் முதலில் கொடுக்க வேண்டும் என்றால் அந்த இடத்திலேயே நின்று யோசிக்க வேண்டும்.

நெறியாளர் | வியாழன், காலை 8.00

"வீட்டிலிருந்தே தினமும் வருமானம், தனிச்செய்தியில் வரவும்" என்று வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த இழையிலேயே அதைப் போட ஒரு தைரியம் வேண்டும்.

ஊசிமுனை | வியாழன், காலை 11.30

எம்ப்ராய்டரிக்கு நான் வருகிறேன். எட்டு வருடமாக வீட்டில் மெஷின் ஓடுகிறது, முதலில் ஒற்றை ஊசி, இப்போது ஆறு ஊசி.

மெஷின் கடையில் காட்டும்போது அழகாக இருக்கும். பட்டனைத் தட்டினால் ரோஜாப்பூ வரும். வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு குழந்தையின் பெயரும் பக்கத்தில் ஒரு சின்னப் பூவும், மொத்தம் 9,000 தையல் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 600 ஓடினால் கணக்குப்படி 15 நிமிடம். ஆனால் துணியை ஹூப்பில், அதாவது இழுத்துப் பிடிக்கும் சட்டத்தில் ஏற்ற வேண்டும், துணி சுருங்காமல் இருக்க அடியில் ஸ்டெபிலைசர் என்ற தாள் வைக்க வேண்டும், நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துண்டு என்றால் மேலேயும் கரையும் பிலிம் ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் பெயர் துண்டின் பிசிருக்குள் முங்கிப்போகும். ஒற்றை ஊசியில் ஒவ்வொரு நிறத்துக்கும் நின்று நூல் மாற்ற வேண்டும். முடிந்ததும் அதிக நூலை வெட்டி, ஸ்டெபிலைசரைக் கிழித்து எடுத்து, இஸ்திரி போட வேண்டும். ஆக 25 நிமிடத்துக்குக் கீழே வராது.

அப்புறம் மெஷினை ஓடவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று சொல்லுவார்கள். பார்க்கலாம், அதே அறையில். மேல் நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். அடியில் நூல் கூடு கட்டினால் அதற்குத் தெரியாது, குத்திக்கொண்டே இருக்கும். துணி ஊசித்தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை நான் கதவு மணி அடித்தது என்று எழுந்து போய்ப் பேசிவிட்டுத் திரும்பினேன். வாடிக்கையாளர் கொடுத்த சட்டை, நெஞ்சில் காசு அளவு ஓட்டை. அவர் பாட்டி பரிசாகக் கொடுத்த சட்டையாம். புதுசு வாங்கிக் கொடுத்தேன், ஆனாலும் அந்த முகத்தை மறக்க முடியவில்லை. அதிலிருந்து ஒரு விதி: தனி ஆள் கொண்டுவரும் ஒற்றை உடுப்பு என்றால் "கெட்டுப்போனால் தையல் கூலி வாங்க மாட்டேன், துணிக்குப் பொறுப்பில்லை" என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுவேன்.

பரிசுப் பொருளில் இன்னொன்றும் பாருங்கள். கார்ட்டூன் பொம்மை போட்டுத் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். அதற்கு உரிமை வேறொருவரிடம் இருக்கிறது, விற்பனைக்குப் போடக் கூடாது. வருகிற கேள்வியில் பாதி அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பாதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

முயன்றுபார் | வியாழன், மாலை 4.10

இப்படி ஒவ்வொருவரும் பயமுறுத்தினால் யார்தான் தொழில் செய்வது? ஊசிமுனை அக்கா, நீங்கள் எட்டு வருடம் ஓட்டவில்லையா?

ஊசிமுனை | வியாழன், மாலை 4.40

ஓட்டினேன் தம்பி. முதல் இரண்டு வருடம் என் கையிலிருந்து போட்டு ஓட்டினேன். யாராவது அப்போது இதைச் சொல்லியிருந்தால் ஒரு வருடத்தில் முடிந்திருக்கும்.

நுரைவண்டு | வியாழன், இரவு 8.15

எம்ப்ராய்டரி எனக்குத் தெரியாது. நான் சோப்பு செய்கிறேன், கொதிக்க வைக்காத முறையில். யாரும் கணக்கில் எடுக்காத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: காசு எத்தனை நாள் மாட்டிக்கொண்டு நிற்கும், எங்கே நிற்கும்.

அச்சிலிருந்து எடுத்த சோப்பு 4 முதல் 6 வாரம் காய வேண்டும். இன்றைக்கு எண்ணெய்க்குக் கொடுத்த காசு திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேல். அந்த இரண்டு மாதமும் அது என் துணி அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுச் சட்டை எல்லாம் லாவெண்டர் வாசம். விற்பனை கூடினால் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? எனக்கு அலமாரி போதவில்லை என்ற கவலைதான் வந்தது. காஸ்டிக் சோடாவைப் பூட்டி வைக்க ஒரு இடம், அதைக் கரைக்கும்போது பிள்ளைகள் உள்ளே வராமல் இருக்க ஒரு கதவு. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தத் தொழிலை நான் ஆரம்பித்திருக்கவே மாட்டேன், என் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் ஆரம்பித்தேன்.

யோசனை நல்லதா என்று கேட்பதைவிட, அந்த யோசனை இந்த வீட்டுக்குள் அடங்குமா என்று கேளுங்கள். மெஷினை எங்கே வைப்பீர்கள்? குழந்தை மதியம் தூங்கும்போது அது சத்தம் போடாதா?

நூல்கண்டு | வியாழன், இரவு 11.00

மெஷின் வைக்க நான் நினைத்திருந்த இடம் அவள் தூங்கும் அறை. சத்தத்தை நான் யோசிக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 9.00

ஊசிமுனையின் 25 நிமிடத்தை வைத்து ஒரு கணக்கு. மெஷின் 12,000 புள்ளி. ஒரு உருப்படிக்குத் தையல் கூலி 36 வருகிறது, அதில் நூல், ஸ்டெபிலைசர், ஊசி, மின்சாரம் 8 போனால் 28 மிச்சம். 12,000ஐ 28ஆல் வகுத்தால் 429 உருப்படி. மாதம் 40 என்றால் பதினோரு மாதத்தில் மெஷின் காசு எடுத்துவிடலாம். விற்கிறவர் இந்த அளவோடு நிறுத்துவார்.

உங்கள் நேரத்தைச் சேர்ப்போம். 25 நிமிடம், மணிக்கு 50 வீதம் ஏறக்குறைய 21. மிச்சம் 7. இப்போது மெஷின் காசு எடுக்க 1,700 உருப்படி தைக்க வேண்டும். அதே மாதம் 40 வீதம் மூன்றரை வருடம்.

ஊசிமுனை | வெள்ளி, காலை 10.15

இது அநியாயக் கணக்கு. மெஷின் ஓடும் நேரம் முழுக்க நான் கூலி ஆள் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த துணியை ஹூப்பில் ஏற்றுகிறேன், முடிந்ததை வெட்டுகிறேன், சமயத்தில் பிள்ளைக்கு வீட்டுப்பாடமும் சொல்லித்தருகிறேன். உண்மையில் கை போடும் நேரம் பத்து நிமிடம்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, காலை 10.40

ஏற்றுக்கொள்கிறேன். பத்து நிமிடம் என்றால் 8 புள்ளி, மிச்சம் 20, 600 உருப்படி, பதினைந்து மாதம். இடையில் எங்கோ நிஜம் இருக்கிறது. ஆனால் முதல் வருடம் பத்து நிமிடம் உங்களுக்கு, நூல்கண்டுக்கு இல்லை.

நம் மதிப்பீடு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும், சீக்கிரம் முடிந்துவிடும் என்ற பக்கம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள், திட்டமிடல் மாயை என்று தமிழில் சொல்லலாம். 1994இல் வந்த ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள். ஆனது 55 நாள். மிக மோசமாக நினைத்துப் பார்த்ததையும் நிஜம் தாண்டிவிட்டது.

தட்டச்சுப்பறவை | வெள்ளி, மதியம் 2.30

ஒரு சந்தேகம். மெஷினை ஏன் வாங்க வேண்டும்? முதலில் ஆர்டர் எடுங்கள், ஊசிமுனை அக்கா மாதிரி உங்கள் ஊரில் ஒருவரிடம் கூலிக்குத் தைத்து வாங்குங்கள். இணையத்தில் ஷூ விற்கும் சாப்போஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை ஆரம்பித்த நிக் ஸ்வின்மர்ன் 1999இல் செய்தது அதுதான். கடைகளுக்குப் போய்ச் செருப்பு, ஷூவைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்த பிறகு அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அதில் லாபம் இல்லை. ஆனால் பார்க்காமல், போட்டுப் பார்க்காமல் ஷூ வாங்க ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்கு, கிடங்கு நிறையச் சரக்கு வாங்காமலேயே பதில் கிடைத்தது.

ஊசிமுனை | வெள்ளி, மதியம் 3.00

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மெஷின் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வாரத்தில் மூன்று நாள் மெஷின் சும்மா நிற்கும். ஜாப் ஒர்க் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

ஒன்று செய்யுங்கள். முன்பணம் வாங்காமல் ஆர்டர் எழுதாதீர்கள். "வேண்டும்" என்று சொன்னவர் பாதிக் காசு என்றதும் "வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்பார். அது நல்ல பதில்தான். உங்களுக்கு ஒரு துண்டு மிச்சம்.

நூல்கண்டு | வெள்ளி, இரவு 10.50

சரி. நான்கு வாரம் பார்த்துவிட்டு வருகிறேன். மெஷினுக்கு வைத்திருந்த காசை என் கணவரிடம் கொடுத்துவிட்டேன், நான் கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லி.

முயன்றுபார் | சனி, காலை 7.00

காத்திருக்கிறோம்! (இந்த முறை நானும் நோட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கும் ஒரு யோசனை இருக்கிறது, வேறு இழையில் கேட்கிறேன்.)

நூல்கண்டு | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.20

நான்கு வாரம் என்றேன், ஐந்தானது. திட்டமிடல் மாயை.

பக்கத்து ஊரில் ஒரு அம்மாவிடம் பல ஊசி மெஷின் இருக்கிறது, அவரிடம் பேசினேன். முதலில் நான்கு மாதிரி செய்து படம் எடுத்துப் போட்டேன். 23 பேர் கேட்டார்கள். பாதி முன்பணம் என்று சொன்னதும் 5 பேர் மிச்சம். அதில் 4 பேர் சொந்தமும் தோழிகளும். ஆக, முன்பின் தெரியாதவர் ஒரே ஒருவர்.

ஒரு பரிசுத் துண்டுக்கு 100 புள்ளி வாங்கினேன். துண்டு 25, தையல் 45, பேக்கிங்கும் அனுப்புவதும் 14, பணம் வாங்கும் ஆப்புக்கு 3. மிச்சம் 13. நேரத்தைத் தாளில் எழுதி வைத்தேன், கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன மாதிரி. ஒரு துண்டுக்கு எனக்கு 70 நிமிடம்! மெஷினே இல்லாமல்! எங்கே போனது என்று பார்த்தால், எல்லாம் பேச்சில். "பிங்க் வேண்டும்." "எந்தப் பிங்க்?" "அது இல்லை, இன்னும் கொஞ்சம் லைட்." எழுத்து சாய்வா, நேரா. பெயரில் 'ன'வா 'ண'வா. ஒரு பெண் இரவு பன்னிரண்டு மணிக்குப் பூவை மீனாக மாற்ற முடியுமா என்று கேட்டார். மணிக்கு 11 புள்ளி வந்தது.

முன்பின் தெரியாத அந்த ஒருவர்தான் சுவாரசியம். அவர் ஒரு சின்னப் பயிற்சி நிலையம் நடத்துகிறார். துண்டு வாங்கியது சும்மா என் வேலையைப் பார்க்கத்தானாம். பிறகு 40 ஏப்ரன் கொடுத்து, எல்லாவற்றிலும் நிலையத்தின் சின்னம் போடச் சொன்னார். ஒரே டிசைன், ஒரே நிறம், ஒரே இடம். உருப்படிக்கு 60 என்றேன், பேரம் பேசவில்லை. மொத்தம் 2,400. தையல் 36 வீதம் 1,440. டிசைனை மெஷின் படிக்கிற கோப்பாக மாற்றும் டிஜிட்டைசிங்குக்கு 200. வண்டிச் செலவு 120. மிச்சம் 640. என் நேரம் மொத்தம் ஆறு மணி. மணிக்கு 107.

ஊசிமுனை | ஞாயிறு, மாலை 6.00

அந்த டிசைன் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை அந்த 200 செலவு கிடையாது. என் வருமானத்தில் முக்கால்வாசி இப்படி ஒரே சின்னத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான். பரிசுத் துண்டை நான் விட்டு ஐந்து வருடம் ஆகிறது, ஆனால் படம் போட்டால் லைக் வருவது அதற்குத்தான்.

நுரைவண்டு | ஞாயிறு, மாலை 6.30

நீங்களே மெஷின் வாங்கியிருந்தால் அந்த 40ஐத் தைத்திருக்க முடியுமா?

நூல்கண்டு | ஞாயிறு, இரவு 9.40

கணக்குப் போட்டேன். 40 உருப்படி, 25 நிமிடம் வீதம் 1,000 நிமிடம். என் கையில் ஒரு நாளைக்கு 150 நிமிடம். ஏழு நாள். அவர் கேட்டது நான்கு நாளில். அதுவும் நடுவில் சின்னவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மெஷின் என் வீட்டில் இருந்திருந்தால் ஆர்டர் போயிருக்கும். அந்த அம்மா ஒன்றரை நாளில் முடித்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.05

மணிக்கு 107 என்பதில் இன்னும் மயங்க வேண்டாம். ஒரு வாடிக்கையாளர், ஒரு ஆர்டர். அவரைத் தேடிப் பிடிக்க ஆன ஐந்து வாரத்தையும் அந்த ஆறு மணியோடு சேர்த்தால் என்ன வரும்? சேர்த்து எழுதிப் பாருங்கள். அடுத்த ஆர்டர் எப்போது, எத்தனை நாள் முயற்சியில் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தையல் கூலிக்காரர் நாளை 36ஐ 45 ஆக்கினால் என்ன ஆகும் என்பதையும்.

சூடுகண்டபூனை | ஞாயிறு, இரவு 10.30

ஐயா விடவே மாட்டார். நூல்கண்டு, அந்த அம்மா உங்கள் வாடிக்கையாளரிடம் நேரே போய்விட மாட்டாரா?

நூல்கண்டு | ஞாயிறு, இரவு 11.10

கேட்டேன், நேரடியாகவே. "எனக்கு எந்தப் பிங்க் என்று பேசிக்கொண்டிருக்க முடியாதும்மா, நீ பேசு, நான் தைக்கிறேன்" என்றார். எழுதி ஒன்றும் வாங்கவில்லை. வாங்க வேண்டுமா?

எல்லா நேரத்தையும் சேர்த்தும் எழுதிப் பார்த்தேன் ஐயா. பரிசுத் துண்டுக்குச் செலவான நேரம், மாதிரி செய்தது, நாலு இடம் ஏறி இறங்கியது எல்லாம் சேர்த்து 41 மணி. ஐந்து துண்டில் வந்த 65, ஏப்ரனில் வந்த 640, மொத்தம் 705. மாதிரிக்கு ஆன 140ஐக் கழித்தால் 565. மணிக்கு 14க்குக் கீழே. உங்கள் 50க்கு வெகு தூரம்.

பரிசுத் துண்டை நிறுத்திவிட்டேன். இந்த மாதம் சின்ன நிறுவனங்களை மட்டும் பார்க்கிறேன், வாரத்துக்கு நான்கு இடம். இதுவரை ஏழு இடம் போனேன், இரண்டு இடத்தில் மாதிரி கேட்டிருக்கிறார்கள். ஏப்ரன்காரர் நேற்று மறுபடி கூப்பிட்டார், 60 தொப்பி வேண்டுமாம். தொப்பிக்குத் தனி ஹூப் வேண்டும் என்று அந்த அம்மா சொல்கிறார். ஊசிமுனை அக்கா, வளைந்த இடத்தில் சின்னம் இழுத்துக்கொள்ளாமல் இருக்க அதே கோப்பு போதுமா, மறுபடி டிஜிட்டைஸ் செய்ய வேண்டுமா?

ஊசிமுனை | திங்கள், காலை 6.20

மறுபடி செய்ய வேண்டும். தொப்பிக்குக் கீழிருந்து மேலே, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று தையல் வரிசையை மாற்றிப் போடுவார்கள், இல்லாவிட்டால் துணி சுருங்கி எழுத்து கோணும். அந்தச் செலவை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள், பிறகு கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்த அம்மாவிடம் முதலில் ஒரே ஒரு தொப்பி போட்டுத் தரச் சொல்லி, கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மற்ற 59ஐக் கொடுங்கள்.